மோதும் பந்துகளும் இரண்டு கணக்குகளும்



பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பச்சைத் துணி விரித்த மேசையில், நீண்ட கோலால் ஒரு பந்தை இடித்து மற்றொரு பந்தின்மேல் மோதவிடுவார்கள். பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் தோட்டப் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஆடும் கோலியிலும் அதே விந்தைதான் நடக்கிறது. விரலால் சுண்டிய கோலி, சும்மா கிடக்கும் கோலியை நேருக்கு நேர் தாக்குகிறது. 'டிக்' என்று ஓர் ஓசை. அடித்தது ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது, அடிபட்டது ஓடுகிறது.

ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், இருக்கிற வேகத்தை ரெண்டும் பாதிப் பாதியாப் பங்கு போட்டுக்கக் கூடாதா? ஏன் ஒண்ணு மட்டும் எல்லாத்தையும் கொடுத்துட்டு நிக்குது?"

"மொத்த உந்தம் மாறாது" என்று, பயிற்சிக் கல்லூரியில் படித்ததை அவனிடம் ஒப்பித்தேன். வீடு திரும்பும்போதுதான், அது முழுப் பதில் அன்று என்பது எனக்கு உறைத்தது.

உந்தம் என்பது பொருண்மையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அதற்குத் திசையும் உண்டு. நம் இரு பந்துகளும் ஒரே எடை. ஒவ்வொன்றின் பொருண்மையையும் 1 என்றும், ஓடிவரும் பந்தின் வேகத்தை 10 என்றும் வைத்துக்கொள்வோம். மோதுமுன் மொத்த உந்தம் 10. மோதிய பின் ஐந்தும் ஐந்துமாக ஓடினாலும் 10. மூன்றும் ஏழுமாக ஓடினாலும் 10. ஆக, இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் மாணவன் சொன்னதும் நடக்கலாம் அல்லவா?

இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. அது இயக்க ஆற்றல். அதற்கு வேகத்தை அதே வேகத்தால் பெருக்க வேண்டும். பிறகு பாதியாக்குவது முறை. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியதில்லை. பத்துப் பத்து 100. ஐந்தும் ஐந்தும் என்றால் 25-உம் 25-உம் சேர்ந்து 50தான். மூன்றும் ஏழும் என்றால் 58. இரண்டிலும் துண்டு விழுகிறது! ஒன்று நின்று, மற்றது பத்தோடு ஓடினால்தான் இரண்டு கணக்கும் சரியாகும். கடினமான பந்துகள் நூலிழை அளவு அமுங்கி உடனே மீள்வதால், ஆற்றல் பெரும்பாலும் வீணாவதில்லை.

ஒரு சிறு திருத்தம். வழுக்கி வரும் பந்துதான் இப்படி நிற்கும். மேசையில் உருண்டு வரும் பந்துக்குச் சுழற்சி மிச்சமிருக்கும். அதனால் ஒரு கணம் நின்றாலும், பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு மீண்டும் முன்னே உருளும்.

அறிஞர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். அடிக்கும் பந்து தன் வேகத்தில் நான்கில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மூன்று பங்கோடு பின்னால் துள்ளும் என்று 1644இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் எழுதினார். எங்கள் திடல் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்! 1669இல் வெளியான விதிகளில், டச்சு அறிஞர் ஹைகன்ஸ் இரண்டாவது கணக்கையும் சேர்த்து உண்மையைத் தெளிவாக்கினார்.

மறுநாள் இரண்டு களிமண் உருண்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒன்றை இழுத்து மற்றொன்றின்மேல் விட்டேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு, பாதி வேகத்தில் சேர்ந்தே நகர்ந்தன. "தம்பி, நீ கேட்ட பங்கீடு இதுதான்" என்றேன். "அப்போ மீதி அம்பது எங்கே சார்?" என்றான். நசுங்கிய களிமண்ணைக் காட்டினேன். ஆற்றல் அதை நசுக்கவும் சிறிது சூடாக்கவும் செலவாகிவிட்டது.

நேயர்களே, சாலையில் வண்டிகள் மோதும்போது அவை கோலிகளைப் போல் மீள்வதில்லை. களிமண்ணைப் போல் நசுங்குகின்றன. அந்த மீதி ஆற்றல்தான் இரும்பை நெளிக்கிறது, எலும்பை முறிக்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பகுதி நசுங்கி, தலைக்கு வர வேண்டிய அடியில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்கிறது. காலையில் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிவரும் பெற்றோர்களே, அந்தச் சின்னத் தலைக்கும் ஒரு கவசம் மாட்டுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.