காணத்தண்ணியும் நாலு மணிப் பசியும்

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கிற சீவலப்பேரி எங்கள் ஊர். எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்தவள். கணவருக்கு வாழையும் நெல்லும் விவசாயம். பையன், பெண், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள வீடு.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக் கொண்டால் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பசி வரும் பாருங்கள்... மத்தியானம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டிருந்தாலும் வரும்! வானம் மூடிக் கிடக்கும், துணி காயாது, கை தானாக வாணலியைத் தேடும். ஒரு நாள் வாழைக்காய் பஜ்ஜி, மறுநாள் உளுந்தவடை, அதற்கு மறுநாள் தீபாவளி முறுக்கு டப்பா. அத்தோடு சீனி போட்ட காபி.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. பையன் பாதி தின்ற தோசை, மகள் ஒதுக்கி வைத்த இட்லி, ராத்திரி சட்டியில் மிஞ்சிய ஒரு கை சோறு, இதையெல்லாம் கொட்ட மனசு வராமல் நானே தின்று விடுவேன். உங்களில் எத்தனை பேர் இப்படி என்று எனக்குத் தெரியும்! வீட்டுக்குக் குப்பைத்தொட்டி வேண்டாம், என் வயிறு இருந்தது.

2024 ஆவணியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அம்மா, "நீங்களும் ஒரு தடவை பாத்திருங்களேன்" என்றார். வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை 118. எடை 72 கிலோ. "நூறுக்குள்ள இருக்கணும். 126ஐத் தொட்டா சர்க்கரை வியாதின்னு சொல்லுவோம். நீங்க வாசப்படியில நிக்கிறீங்க" என்றார் டாக்டர். என் அம்மாவுக்கு இதே வியாதியில் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து மருந்து போட்டவள் நான்தான். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

நாத்தனார் மகள் நர்சிங் படிக்கிறாள். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, என்னை மாதிரி வாசப்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வைச் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, பயமுறுத்தச் சொன்னாளா தெரியவில்லை. "அத்தை, சாயங்காலம் பலகாரத்துக்குப் பதிலா சூப்பு குடிங்க" என்றாள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சூப் குடித்தவர்கள் அந்த வேளையில் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே சாப்பிட்டார்களாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வாம்.

சூப் என்றதும் எனக்கு ஓட்டல் ஞாபகம்தான் வந்தது. கடையில் பாக்கெட் வாங்கி வந்து கரைத்தேன். கொழகொழவென்று ஒரே சோளமாவு, உப்பு வேறு தூக்கல். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுக் கும்பாவைத் தள்ளினார்கள். "ஏட்டி, இது என்ன பசையா? வெள்ளத்தப்போ மூணு நாளும் காணத்தண்ணியத்தான குடிச்சிக்கிட்டு கெடந்தோம். அன்னைக்கி யாருக்காவது பசிச்சுதா?"

எனக்குச் சுரீர் என்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்துக்காரர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. இங்கே ஆறு பொங்கி, கரண்ட் போய், பால் இல்லை, காய்கறி இல்லை. அடுக்களைப் பரணில் இருந்த காணமும் கொஞ்சம் அரிசியும்தான். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தச் சூட்டுத் தண்ணியைக் குடித்துவிட்டு எப்படித் தூங்கினார்கள்! அதை எப்படி மறந்தேன்?

காணம் என்பது நாங்கள் சொல்லும் பெயர். மற்ற ஊர்ச் சகோதரிகளுக்குக் கொள்ளு. நாலு பேருக்கு 50 கிராம் போதும். கல் அரித்து, முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறாத காணம் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் இடறும். ஆறு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொள்ளுங்கள். வெந்ததில் ஒரு கையளவு மசித்து அந்தத் தண்ணீரிலேயே கரையுங்கள். சோளமாவு இல்லாமலே அது கெட்டியாகும். நல்லமிளகு, சீரகம், ஐந்து பல் பூடு, இவற்றை அம்மியில் நுணுக்கிப் போடுங்கள். ஒரு தக்காளி, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி. நுரை கூடும்போது இறக்கி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும். மீதிக் காணத்தைச் சுண்டலாக்கிக் கூடவே வைத்து விடுவேன். சுண்டலோடு சேர்த்தே ஆளுக்கு 50 கலோரி பக்கம்தான் வரும் என்று நாத்தனார் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். எண்ணெய் மட்டும் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரிக்குக் குறையாதாம். வடைச் சட்டியை நினைத்துப் பாருங்கள்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வார்கள். காணம் உடம்பில் உள்ள கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நானும் நம்பித்தான் இருந்தேன். டாக்டர் சிரித்தார். "எதுவும் கரைக்காதும்மா. அதுல புரதமும் நாரும் இருக்கு, பசி தாங்கும். அதனால நீங்க கொறச்சு சாப்பிடுவீங்க. அவ்வளவுதான்." எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

இன்னொன்று முருங்கைக்கீரை. மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும், அதனால் இலையை ஒவ்வொரு இணுக்காகப் பார்த்து உருவ வேண்டும். அவசரப்பட்டு ஒரு நாள் கையெல்லாம் தடித்துப் போனது. இரண்டு கைப்பிடி கீரை, பத்துச் சின்ன உள்ளி, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, தக்காளி, சீரகம். பருப்பு பாதி வெந்ததும் கீரையைப் போட்டு மூடாமல் கொதிக்க விட்டால் நிறம் கெடாது. மசித்து வடித்து, குடிக்கும்போது நல்லமிளகுப் பொடி தூவுங்கள். வெண்ணெய் வேண்டாம். என் மகள் மட்டும் முகத்தைச் சுளிப்பாள், அவளுக்கு ரெண்டு சொட்டு எலுமிச்சை.

வாழைத்தண்டுக்கு எங்கள் வீட்டில் காசே கிடையாது. குலை வெட்டிய மரத்தை உரித்தால் போதும். வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். இஞ்சி, மல்லித்தழை, மிளகோடு வேகவைத்துப் பாதியை அரைத்துக் கலக்கினால் சூப். காலையில் நடக்கப் போகிறவர்கள் டவுன்களில் ரோட்டோரம் காசு கொடுத்து வாங்கிக் குடிப்பது இதைத்தான்! கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கீரை சூப், தண்டு சூப் எதையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அதில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாதாம்.

நம்முடைய மிளகுத்தண்ணியைத்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கறியும் அரிசியும் போட்டு "முல்லிகட்டானி" சூப் என்று ஆக்கினார்களாம். அவர்கள் வாயில் மிளகுத்தண்ணி அப்படி ஆகிவிட்டது! நாமோ பாக்கெட் சூப்பைத் தேடிப் போகிறோம்.

சொதி விஷயத்தில் மட்டும் நான் தோற்றுப் போனேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற சொதி திருநெல்வேலிக்காரர்களுக்கு உயிர். மழைக்கு இதமானது. ஆனால் அது முழுக்கத் தேங்காய்ப் பால், நூறு கிராம் தேங்காயிலேயே 350 கலோரிக்கு மேல். முதல் பாலையும் இரண்டாம் பாலையும் விட்டுவிட்டு மூன்றாம் பாலில் மட்டும் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். மாமியார், "இதுக்குச் சொதின்னு பேரு வைக்காதளா" என்றார்கள். சரிதான். சொதியைச் சொதியாகவே வைத்து, விசேஷத்துக்கு விசேஷம் சாப்பிட்டுக் கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, சூப் மட்டும் குடித்தேன். பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது, தலைகால் புரியவில்லை. பதினோராம் நாள் குழாயடியில் குடத்தை இடுப்பில் தூக்கினேன், கண் இருட்டிக் கொண்டு வந்தது. நினைவு வரும்போது பக்கத்து வீட்டு மயினி மடியில் கிடக்கிறேன், குடம் நசுங்கிக் கிடக்கிறது. மாத்திரை கொடுக்கும் அம்மா கேள்விப்பட்டு வந்து திட்டித் தீர்த்தார். "சூப்பு சாப்பாடு இல்லம்மா. நல்ல வேளை, நீங்க சர்க்கரை மாத்திரை போடல. மாத்திரை போட்டுக்கிட்டு இப்படிப் பட்டினி கெடந்தா உயிருக்கே ஆபத்து." மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

அதற்குப் பிறகு நாலரை மணிக்கு ஒரு டம்ளர் சூப், ஒரு கைச் சுண்டல். ராத்திரி ஏழரைக்கு இரண்டு இட்லியோ, கொஞ்சம் சோறும் நிறையக் காயும், ஒரு முட்டையுமோ. வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேர நடை. உப்பைக் கடைசியில், பாதிதான் போடுகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாமியார் பிரஷருக்கும் அது நல்லதாகப் போயிற்று. முதலில் "வாய்க்கு வெளங்கல" என்றவர்கள், மிளகைக் கூட்டிய பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

மிச்சம் தின்னும் பழக்கம்தான் சுலபத்தில் போகவில்லை. பிள்ளைகளுக்குத் தட்டில் குறைவாக வைத்து, கேட்டால் போடுகிறேன். அப்படியும் மிஞ்சினால் ஆட்டுக்குட்டிக்கு. முதல் நாள் ஒரு முழுத் தோசையை அதற்குப் போட்டபோது பாவம் செய்தது போல இருந்தது எனக்கு!

ஒரு வருஷம் கழித்து எடை 66 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 104. வாசப்படியை விட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக் கொள்கிறேன். மழை நாளில் எப்போதாவது வடையும் சுடுகிறேன், ஆளுக்கு ஒன்று. போன வாரம் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து நனைந்து வந்து, தலையைக் கூடத் துவட்டாமல், "காணத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். எனக்கு வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு மறுபடி அடுப்பை மூட்டினேன்.

சகோதரிகளிடம் ஒரு சந்தேகம். வாழைப்பூவிலும் சூப் வைத்துப் பார்த்தேன். கள்ளனை எடுத்து, மோரில் போட்டு வைத்தும் துவர்ப்பு போக மாட்டேன் என்கிறது. பருப்புக் கூட்டினால் போகுமா, முதல் கொதித் தண்ணீரைக் கொட்ட வேண்டுமா? கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால், கார்த்திகை முடிவதற்குள் வைத்துப் பார்த்துவிடுவேன். தோட்டத்தில் நாலு பூ தொங்குகிறது.

- ஒரு வாசகி, சீவலப்பேரி.