மூன்றாம் கட்டில் ஒரு விமானம்

"தம்பி, மூணாம் கட்டுல என்னப்பா செத்துக் கெடக்கு?"

வளவு வாசலில் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் வீட்டுக்கார ஆச்சி. நான் கையுறை போட்ட கையில் டப்பாவும் குச்சியுமாக நின்றிருந்தேன்.

"ஒண்ணும் சாகலை ஆச்சி. ரெஸின்."

"ரசமா? ரசம் இப்படியா நாறும்?"

ஆச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. பாலியெஸ்டர் ரெஸினின் நெடி அப்படி. பர்மா தேக்குத் தூணைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி, முகப்பில் தொங்கும் அப்பச்சி படம் வரைக்கும் போய்விடும். காரைக்குடியில் இத்தனை பெரிய வீட்டின் கடைசிக் கட்டில் குடியிருக்கும் எனக்கு, பகலில் ஃபைல் தள்ளும் உத்தியோகம். ராத்திரியில் விமானம் செய்கிறேன். சிரிக்காதீர்கள். எஞ்சின் இல்லாத விமானம். கிளைடர். அதிலும் மாடல்.

நான் ஆசைப்பட்டது ஏ.எஸ்.கே. 21 என்ற ஜெர்மன் கிளைடர் மேல். ருடால்ஃப் கைசர் என்பவர் வடிவமைத்து, 1979-ல் பறந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். தொள்ளாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகம் பூராவும் கிளைடர் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார் இது. அசலின் இறக்கை 17 மீட்டர், நீளம் 8.35 மீட்டர். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை 3.4 மீட்டர், உடம்பு 1.67 மீட்டர். அதாவது சுமாராக என் உயரம். (என் மனைவி: "உங்களை மாதிரியே இன்னொண்ணா?")

இறக்கையை மரச்சட்டத்தில் கட்டிவிடலாம். உடம்புதான் வில்லங்கம். மூக்கில் உருண்டு, இடுப்பில் இளைத்து, வாலில் ஒடுங்கும் அந்த வளைவை மரப்பட்டையால் மூடப்போனால் மூட்டை கட்டின மாதிரி இருக்கும். அசல் கிளைடர்காரர்களுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1957 நவம்பரில் ஸ்டட்கார்ட் மாணவர்கள் 'ஃபீனிக்ஸ்' என்று ஒரு கிளைடரைப் பறக்கவிட்டார்கள். உலகின் முதல் ஃபைபர் கிளாஸ் கிளைடர். அதன்பின் மரம் மெள்ள விடைபெற்றது. நம் பெங்களூர் என்.ஏ.எல்.லில் செய்து 1993-ல் பறந்த 'ஹன்ஸா'வும் இழையும் பிசினும் சேர்ந்த உடம்புதான்.

ஃபைபர் கிளாஸ் என்றால் அச்சு வேண்டும். அச்சு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஜெர்மனி அல்ல, பக்கத்திலிருக்கும் ஆத்தங்குடி.

அங்கே தரைக்கல் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சட்டம். பூ டிசைன் தகட்டை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். தகட்டைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும், அதற்கும் மேலே காரை. மெஷின் கிடையாது. அப்புறம் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு! பாலிஷ் போட்டதல்ல, கண்ணாடி கொடுத்தது. கவனித்தீர்களா, நாம் மிதிக்கப்போகும் மேல்பக்கத்தைத்தான் முதலில் ஊற்றுகிறார்கள்.

ஃபைபர் கிளாஸிலும் அதே தலைகீழ் சமாச்சாரம்தான். வெளியே தெரியவேண்டிய பக்கம் முதலில். அச்சின் வயிற்றில் மெழுகு, அதன்மேல் ஜெல் கோட் என்கிற வண்ணப் பிசின், அதன்மேல் கண்ணாடியிழைத் துணி. வெளிப்பக்கத்தின் வழுவழுப்பு அச்சிலிருந்து வரும். அச்சுக்கு அது மூலத்திலிருந்து வரும். ஆகவே முதலில் மரத்தில் ஒரு மூலம் செதுக்கவேண்டும்.

எனக்குச் செதுக்கித் தந்தவர் ஒரு பெரிய ஆசாரி. செட்டியார் வீட்டுக் கதவுகளுக்கு யாளியும் கஜலட்சுமியும் செதுக்கிய குடும்பம். படத்தைக் காட்டினேன். "சுறா மீனா தம்பி?" என்றார். குமிழ் மரத்தில் இரண்டு மாசம் வேலை. முடித்த கையோடு, பார்வை மங்குகிறது என்று உளியை மூட்டை கட்டிவிட்டார். அதுதான் அவர் செய்த கடைசி வேலை.

அந்த மூலத்துக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வாட்டர் பேப்பரில் நம்பர் நம்பராக ஏறி, டூகோ அடித்து, மறுபடி தேய்த்து... மூன்று மாசம் போயிற்று. ஒரு தலைமுடி கிடந்தால் அச்சில் தலைமுடி விழும்.

பிறகு அச்சு. மூலத்தைப் பாதி உடம்பு தெரிகிற மாதிரி ஒரு பலகையில் படுக்கவைத்து, இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, ஏழு தடவை மெழுகு பூசி, பி.வி.ஏ. தடவி, ஜெல் கோட், மேட், ரெஸின். ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பட்டை விடவேண்டும். இரண்டு பாதியும் போல்ட் போட்டுச் சேர்வது அந்தப் பட்டையில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெஸினை இறுகவைக்கக் கோபால்ட் திரவமும் கேட்டலிஸ்ட்டும் சேர்ப்பார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடித்துவிடும், விளையாட்டில்லை. முதலில் கோபால்ட்டை ரெஸினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றது. நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும் என்பதால் விடிகாலை நாலு மணிக்குத்தான் வேலை.

முதல் பாதி அமோகம். பலகையை எடுத்துவிட்டு, மறுபக்கத்துக்கு மெழுகு பூச உட்கார்ந்தேன். மார்ச் 31 ராத்திரி. ஆபீஸ்காரர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றிச் சொல்லவேண்டாம். நடுவில் போன். ஏதோ ஒரு ஸ்டேட்மென்ட் டேலி ஆகவில்லை. பேசி முடித்து வந்து, விட்ட இடத்திலிருந்து பூசினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூலத்துக்கு ஏழு தடவை பூசியிருந்தேன். ஓரப்பட்டைக்கு ஒரு தடவைகூடப் பூசவில்லை.

இரண்டு நாள் கழித்து மர ஆப்பைச் செருகினேன். அசையவில்லை. தண்ணீர் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். இரண்டு பாதியும் ஒட்டி ஒரே கட்டை. உள்ளே, கர்ப்பத்தில் சிக்கின பிள்ளை மாதிரி, ஆசாரியின் சுறா. அன்றைக்கு மனைவி கிண்டல் பண்ணவில்லை. அதிலிருந்தே என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டிப் பக்கம் ஓடினேன். நம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. ரெஸினும் மேட்டும் எனக்குக் கிடைத்ததே ஒரு படகு மேஸ்திரியின் தயவில்தான். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இது ஆப்புக்கு வராது. ஓரத்தோட அறுக்கணும். அறுத்தா பிளேடு உள்ள மரத்தைக் கடிக்கும். மரம் வேணுமா, அச்சு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ஆசாரியின் மரம் இனி வராது. ஆனால் அந்த மரத்தின் உருவம் இந்த அச்சுக்குள் இருக்கிறது. ரொம்ப நேரம் யோசித்து, "அச்சு" என்றேன்.

ஆக்ஸா பிளேடை வைத்து இரண்டு பேரும் மாறி மாறி ஒரு பகல் முழுக்க அறுத்தோம். ஆச்சி மோர் கொடுத்தார். சாயங்காலம் 'படக்'கென்று விரிந்தது. மூலம் மூக்கிலிருந்து வால் வரை பள்ளம் பள்ளமாகக் கடிபட்டு, நடுவில் பிளந்து கிடந்தது. அச்சின் வயிறு மட்டும் கண்ணாடி. அறுத்த ஓரத்தை ரெஸின் பட்டியால் சமன் செய்தேன். விமானத்தின் இடுப்பு ஒரு மில்லிமீட்டர் இளைத்திருக்கும். இருக்கட்டும்.

போன மாசம் முதல் உடம்பு அந்த அச்சிலிருந்து வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு கையால் தூக்கலாம். ஆச்சி தொட்டுப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு நாத்தம்?" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இறக்கை இன்னும் பாக்கி. கோடையில் கண்மாய் வற்றினதும் பறக்கவிட உத்தேசம்.

அதற்குமுன் அதை ஆசாரி வீட்டுக்கு எடுத்துப்போனேன். திண்ணையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டார். மரம் பிளந்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டைவிரலால் மூக்கிலிருந்து தடவிக்கொண்டே போனவர், வாலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். மறுபடி தடவினார்.

"இந்த எடத்துல உளி நழுவுச்சு தம்பி. பட்டி வச்சுட்டேன், ஒங்ககிட்ட சொல்லலை" என்றார். "இங்கேயும் வந்திருக்கே!"

நானும் தடவிப் பார்த்தேன். ஒரு நெல் அளவுக்குப் பள்ளம். இருந்தது.