திரும்பும் நேரம்: வார இறுதி மலையேற்றத்துக்கு ஒரு கணக்கு

மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்ற நடைமுறை 2015 செப்டம்பரில் வந்தது. வங்கி ஊழியர்களுக்கு இரண்டு நாள் வார இறுதி என்பது அதன் பிறகே வாய்த்தது. மும்பையில் பணியாற்றிய காலத்தில், செப்டம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை ஒன்றில், நண்பர்கள் ஐவர் முதுகுப்பையுடன் கல்சுபாய் சிகரத்துக்குப் புறப்பட்டோம். ஆனால் உச்சியை அடையாமலேயே திரும்பினோம். ஏன் திரும்பினோம் என்பதை விளக்கினால், மலையேற விரும்பும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

மலையும் வழியும்

சஹ்யாத்ரி மலைத்தொடரில் உள்ள கல்சுபாய், 1,646 மீட்டர் உயரத்துடன் மகாராஷ்டிர மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாக விளங்குகிறது. அகோலே வட்டத்தைச் சேர்ந்த பாரி கிராமம் அதன் அடிவாரம். மும்பையிலிருந்து புறநகர் மின்ரயிலில் கசாரா வரை சென்று, அங்கிருந்து வாடகை வண்டியில் கிராமத்தை அடையலாம். கிராமத்து வீடுகளில் இரவு தங்க இடம் உண்டு. பாக்ரி என்னும் தடித்த ரொட்டியும், கடலைமாவில் செய்த பிட்லாவும் சூடாகக் கிடைக்கும். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டுள்ளன. உச்சியில் கல்சுபாய் அம்மனுக்குச் சிறு கோயில் உள்ளது. கயிறு கட்டி ஏறும் பயிற்சி தேவையில்லாததால், இதனை எளிய மலை என்பர். அந்தப் பெயரை நம்பி ஆயத்தமின்றி வருவோரும் உண்டு.

நேரத்தைக் கணக்கிடுதல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். பாரியிலிருந்து உச்சிக்கு நடைதூரம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 800 மீட்டர். விதிப்படி, தூரத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடம், உயரத்துக்கு 80 நிமிடம், ஆக இரண்டு மணி நேரம். இது நல்ல உடல்வலிமை உள்ளவர் ஓய்வின்றி நடப்பதற்கான கணக்கு. எங்கள் வயது, பைச்சுமை, ஏணிகளில் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து மூன்றரை மணி நேரம் என வைத்துக்கொண்டோம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் 9.30க்கு உச்சி. தாமதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, 10.30ஐத் 'திரும்பும் நேரம்' என முந்தைய இரவே குறிப்பேட்டில் எழுதினோம். அப்போது எங்கு நின்றாலும் அங்கிருந்து இறங்குவது என்பது ஐவரின் உடன்பாடு.

இதனை முன்கூட்டியே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. உச்சி கண்ணெதிரே தெரியும்போது, களைத்த மனம் நேர்மையாகக் கணக்குப் பார்ப்பதில்லை. மேலும், ஏறுவது பயணத்தின் பாதியே. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையையும் சுமையையும் தொடைத்தசைகளும் முழங்கால்களும் தாங்குகின்றன. எந்த வங்கியும் தன்னிடமுள்ள வைப்புத்தொகை முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. இறங்குவதற்கான ஆற்றலும் அவ்வாறே ஒதுக்கி வைக்க வேண்டியதாகும்.

முதுகுப்பையில் என்ன?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மழைச்சட்டை, தலைவிளக்கு, மாற்றுக் காலுறை, முதலுதவிப் பொருள்கள் ஆகியவை போதும். கனமான பொருள்களை முதுகையொட்டி வைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால், சுமை தோளிலிருந்து இடுப்புக்கு மாறும். மலை வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் இருப்பதால், கொண்டுசெல்லும் நெகிழி உறைகள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அன்று நடந்தது

சரிவுகளெங்கும் மஞ்சள் நிறச் சோன்கிப் பூக்கள் மலர்ந்திருந்தன. இரண்டாவது ஏணியைக் கடந்ததும், எங்களுள் மூத்தவரான நண்பருக்கு வலது முழங்காலில் வலி தொடங்கியது. அவர் வேகத்துக்கே அனைவரும் நடந்தோம். 10.30 ஆனபோது கடைசி ஏணிக்குக் கீழே நின்றிருந்தோம். உச்சியை மேகம் மூடியிருந்தது.

"இன்னும் அரை மணி நேரம்தானே! நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் நால்வரும் போய் வாருங்கள்" என்றார் அவர். எனக்கும் ஆசைதான், வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். எங்களுள் இளையவர் குறிப்பேட்டை எடுத்துக் காட்டி, "சார், இது நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டார். மறுபேச்சின்றித் திரும்பினோம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏணியின் படிகள் வழுக்கின. நண்பரின் பையை மூவர் பகிர்ந்து சுமக்க, ஒருவர் அவருக்கு முன்னால் இறங்கி ஒவ்வொரு படியிலும் அவர் பாதத்தைப் பிடித்து வைத்தார். கிராமத்தை அடைந்தபோது பிற்பகல் மணி மூன்று. மேலே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல இயலாது. ஆனால் அந்த ஏணியில் அவரைத் தாங்க நாங்கள் நால்வரும் தேவைப்பட்டோம்.

பணமும் காப்பீடும்

மலைப்பகுதியில் கைபேசி அலைவரிசை நிலையானதன்று, யு.பி.ஐ.யை மட்டும் நம்பிச் செல்லாமல் சிறு மதிப்பு நோட்டுகளாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் செலவுக்கு ஆளுக்கு ஒரு தொகை முன்கூட்டியே சேர்த்து ஒருவரிடம் ஒப்படைத்தால், திரும்பிய பின் வாக்குவாதம் எழாது. அவசர உதவிக்கு 112ஐ அழைக்கலாம். நம் நிறுவனத்தின் அலைவரிசை இல்லாவிடினும், அங்கு வேறொரு நிறுவனத்தின் அலைவரிசை இருந்தால் அவ்வழியே அழைப்பு செல்லக்கூடும். எந்த வழியில் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் அதன் விலக்குப் பிரிவுகளைப் படிப்பது நன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வாசகத்தில், சாகச விளையாட்டில் 'தொழில்முறையாளராக' ஈடுபடுவதால் நேரும் சிகிச்சைச் செலவே விலக்கப்படுகிறது. தனிநபர் விபத்துக் காப்பீட்டின் விதிகள் வேறாக இருக்கலாம். புறப்படும் முன் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மீண்டும்

நண்பர் மருத்துவரைக் கண்டு, மூன்று மாதம் முழங்காலுக்கான பயிற்சிகளைச் செய்தார். டிசம்பரில் மீண்டும் ஒரு இரண்டாம் சனிக்கிழமை அதே ஐவரும் சென்றோம். மறுநாள் காலை 9.40க்கு உச்சியில் நின்று, கீழே பண்டார்தரா நீர்த்தேக்கம் வெயிலில் மின்னுவதைக் கண்டோம். குறிப்பேட்டில் திரும்பும் நேரம் 10.30 என்றே எழுதியிருந்தது. இம்முறை எழுதியவர் அந்த நண்பர்.