கடல்நீரில் எரிபொருள், வயலடியில் உலோகம்

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்குவோரிடம், எதிரே அலையடிக்கும் நீரில் எரிபொருள் அடங்கியிருக்கிறது என்றால் சிரிப்பார்கள். ஆயினும் ஒரு கன மீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 33 கிராம் துத்தேரியம் உண்டு. ஐதரசனின் பாரமான வகை அது. அதனைத் திரித்தியம் என்னும் மற்றொரு வகையுடன் இணைத்து ஈலியமாக்கினால் பெருஞ்சக்தி வெளிப்படும். சூரியன் ஒளிர்வதும் அணுக்கரு இணைவினாலேயே. 2022 மார்ச்சு இறுதியில் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை மறக்காத கொட்டாஞ்சேனை வாசகருக்கு இது நல்ல சேதிதான்.

ஆனால் இம்முறையில் மின்சாரம் விற்கும் நிலையம் உலகில் இன்னும் இல்லை. குஜராத்தில் 'ஆதித்யா' என்னும் ஆய்வு உலை 1989 இல் இயங்கத் தொடங்கியது. பிரான்சில் இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து 'ஈற்றர்' என்னும் பேருலையைக் கட்டுகின்றன. எரிபொருளைவிட, அதைக் காய்ச்சும் பாத்திரமே சிக்கல். உள்ளே 15 கோடி பாகை வெப்பம்! காந்தப்புலம் அதனைச் சுவரில் முட்டாமல் தாங்கினாலும், உலையின் அடித்தளம் கடும் சூட்டை ஏற்கவேண்டும். அதற்கு உகந்தது 3,422 பாகை செல்சியசிலேயே உருகும் தங்குதன். பழைய மின்குமிழினுள் ஒளிர்ந்த அதே இழைதான். 2023 இல் ஈற்றரின் உட்சுவருக்கும் பெரிலியத்துக்குப் பதிலாக அதையே தெரிந்தார்கள். இயற்கையில் அரிதான திரித்தியத்தை உண்டாக்க இலிதியமும் வேண்டும்.

தூய சக்தி பற்றிப் பேசுவோர், இவ்வுலோகங்கள் எவருடைய நிலத்திலிருந்து வரும் என்று எமக்குச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'டங்ஸ்டன்' என எழுதுவது இந்தத் தங்குதனைத்தான். 2024 நவம்பரில், மதுரை மேலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றரில் அதை அகழ்வதற்கான ஏலத்தில் ஒரு கம்பனி தெரிவாயிற்று. சுனைகளும் சமணர் படுக்கைகளும் உள்ள அரிட்டாபட்டி, 2022 இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதுவும் அந்த எல்லைக்குள் அகப்பட்டது. இணைவு உலைக்கென்று எவரும் அதைக் கேட்கவில்லை. தங்குதன் வெட்டுக்கருவிகளுக்கே அதிகம் செல்கிறது. உலைகள் பெருகினால் கேள்வியும் பெருகாதா?

கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானித்தன. 2025 சனவரி 7 இல் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். 23 இல் மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது.

ஆராய்ச்சியை நாம் எதிர்க்கவில்லை; புகையற்ற மின்சாரம் ஏழைக்கும் வேண்டும். ஆனால் நிலத்துக்குரியவரை முதலில் கேட்கவேண்டும். ஈற்றரின் காந்தச் சுருள்கள் சிலவற்றில் தைத்தேனியம் கலந்த கம்பி உண்டு. தைத்தேனியம் இல்மனைற்று மணலில் இருக்கிறது. மன்னார்த் தீவில் அம்மணலைத் தேடித் துளையிட்டதை அங்குள்ள மக்கள் எதிர்த்தது வாசகர் அறிந்ததே.