புயல் சின்னம் என்றதும் அடங்கலைப் பாருங்கள்

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் பெரம்பலூர் மாவட்டக் குரும்பலூர் டீக்கடைகளில் காதில் விழுவது ஒரே பேச்சுதான். "கடல் எங்க கிடக்கு, நாம எங்க கிடக்கோம்? நாகப்பட்டினத்துக்காரன் பாத்துக்குவான்." இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பலர், மழை விட்ட ஒரு வாரத்தில் நிவாரண மனு எழுத ஆள் தேடி அலைகிறார்கள். அப்போது அவர்கள் கையில் இருப்பது ஆதார் அட்டை மட்டும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். கிராமப் பயிர்ப் பதிவான அடங்கலில் வேறு பயிர் இருக்கும். செத்த மாட்டைப் புதைத்திருப்பார்கள். இடிந்த சுவரை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். எத்தனை மழை வந்தாலும் இதே கதை திரும்ப வருகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கும் நமக்கும் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் அளவில்தான் தூரம். கரையேறிய புயல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நகர்ந்தாலே ஒரு ராத்திரிக்குள் நம் தலைக்கு மேல் வந்துவிடும். காற்று தணிந்திருக்கலாம், மழை தணியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டபின், டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊத்தங்கரை கடலுக்கு நம்மைவிடத் தள்ளி இருக்கிற ஊர். அதற்கு முந்தைய நாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டைத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுக் கொடைக்கானல் மலை வரை போனது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா புயலில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிர்கள் போனது கடலோரத்தில் இல்லை. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை நாட்டில். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறவர்கள் இந்த ஊர்ப் பெயர்களை மறக்கக் கூடாது.

வானிலை மையம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு விடும் நிற எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் 6 முதல் 11 சென்டிமீட்டர், ஆரஞ்சு என்றால் 12 முதல் 20, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். ஆரஞ்சு என்று சொன்ன நாளில் உங்கள் ஒரு ஏக்கர் வெங்காய வயலில் ஐந்து லட்சம் லிட்டர் இறங்கப் போகிறது. அது வெளியேற வாய்மடையும் வடிகாலும் திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் மாலையே மண்வெட்டியோடு போய்ப் பார்க்க வேண்டும். அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியில் எச்சரிக்கைகள் தமிழிலேயே வருகின்றன. கடலோர ஊர்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வழக்கமே கிடையாது. கடல் இல்லாத மாவட்டத்துக்கு எதற்கு என்று அதிகாரிகளும் நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

உயிர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள், குச்சியால் நகர்த்தாதீர்கள், மாடு மாட்டிக்கொண்டிருந்தாலும் கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. அதில் சொல்லி, இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று அவர்கள் உறுதி சொல்லும் வரை காவல் இருங்கள். நனைந்த மண்சுவர் மழை பெய்யும்போது நின்றாலும், மழை விட்ட ராத்திரியில் விழலாம். சுவர் ஊறியிருந்தால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பள்ளிக்கூடத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்; முகாம் எங்கே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், திறக்கவில்லை என்றால் 1077-க்கு அழைத்துத் திறக்கச் சொல்லுங்கள். அது மாவட்ட ஆட்சியரகக் கட்டுப்பாட்டு அறை. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளும் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளும் நம் ஊர்களைச் சுற்றி நிறைய உண்டு; நிரம்பியதும் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் போகும். விடாதீர்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது பைக்கை இறக்காதீர்கள். கட்டுத்தறியில் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பாதீர்கள், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அரியலூர் மாவட்டத்தில் திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையில் இருக்கிறவர்கள், இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே திறந்துவிடும் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும்.

இனி காகிதம். இதில்தான் நம் ஆட்கள் தோற்கிறார்கள்.

பயிர்ச் சேத நிவாரணம் முழுக்க அடங்கலை வைத்துத்தான் நடக்கிறது. எந்தப் புல எண்ணில், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பில், எந்தப் பாசனத்தில் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவு அது. வயலில் மக்காச்சோளம் சாய்ந்து கிடக்கும். அடங்கலில் போன வருடத்துப் பருத்தியே இருக்கும். கணக்கெடுக்க வரும் அதிகாரி காகிதத்தைத்தான் நம்புவார். பாசனக் கலத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தமிழக அரசு அறிவித்த தொகை, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. ஏக்கர் கணக்கில் ஒன்று ஏழாயிரத்தை ஒட்டி வரும், இன்னொன்று மூவாயிரத்துச் சொச்சம். கிணற்று மோட்டார் ஓட்டி வெங்காயம் போட்டவர் பெயருக்கு எதிரே மானாவாரி என்று எழுதியிருந்தால் பாதிப் பணம் அங்கேயே போய்விட்டது. அதை மழைக்குப் பிறகு திருத்தச் சொன்னால் யார் திருத்துவார்கள்?

ஆகவே ஐப்பசி பிறந்ததும், விதைப்பு முடிந்த கையோடு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நடப்புப் பசலி அடங்கல் நகல் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும்; போன பசலி நகல் உதவாது. அவர் அலுவலகத்தில் இல்லை, இன்னொரு கிராமத்தையும் சேர்த்துப் பார்க்கிறார், நாளைக்கு வாங்க என்பதெல்லாம் நடக்கும். நாளைக்குப் போங்கள். அதற்கு மறுநாளும் போங்கள். பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் மாறுதலுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். புயல் அறிவித்த பிறகு அது ஆகிற காரியம் இல்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் குத்தகை எழுத்தும் சாகுபடிச் சான்றும் வாங்கி வைக்காவிட்டால் நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகும். உழைத்தவன் வேறு, வாங்கியவன் வேறு என்று பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அரசு நிவாரணமும் பயிர்க் காப்பீடும் வெவ்வேறு என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. நிவாரணம் அரசு அறிவித்தால் வரும். காப்பீடு நீங்கள் பிரீமியம் கட்டியிருந்தால்தான். உணவு தானியத்துக்குக் காரீப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் 1.5, பருத்தி, வெங்காயம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 5 சதவீதம். கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டலாம். ஒவ்வொரு பயிருக்கும் கடைசித் தேதி உண்டு. தேதி போனால் போனதுதான்.

கட்டியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிற்கும் பயிர் போனால் இழப்பீடு பொதுவாக உங்கள் ஒரு வயலைப் பார்த்து வராது. அறிவிக்கப்பட்ட அந்தக் கிராமம் அல்லது பிர்கா முழுவதன் சராசரி விளைச்சலை, பயிர் அறுவடைப் பரிசோதனையில் கண்டு கணக்கிடுவார்கள். ஆனால் அறுத்து வயலில் காய வைத்த விளைச்சல், அறுவடையான 14 நாளுக்குள் புயலிலோ புயல் மழையிலோ நனைந்து போனால் அது தனிக் கணக்கு. அதற்கு நீங்கள்தான் தகவல் கொடுக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள், 14447 என்ற எண்ணில். திரும்பவும் சொல்கிறேன்: 72 மணி நேரம், மூன்றே நாள். ஞாயிறு, தீபாவளி, கரண்ட் இல்லை, டவர் இல்லை என்பதெல்லாம் காப்பீட்டு நிறுவனத்திடம் எடுபடாது. தகவல் பதிந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை போட்டு மாதக்கணக்கில் இருப்பு வைத்த சின்ன வெங்காயம் இந்தக் கணக்கில் வராது. பட்டறையின் கூரையையும் அடியையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

மழை விட்டதும் செய்கிற தவறு இன்னொன்று. அவசரம். "மாடு செத்து நாத்தம் தாங்கலைங்க ஐயா, ஜேசிபி வச்சுப் புதைச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டு நிவாரணம் கேட்டால் எந்த அதிகாரியாலும் தர முடியாது. மிக்ஜாமிலும் ஃபெஞ்சலிலும் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் அறிவித்தார்கள். அந்தத் தொகைக்குக் கால்நடை உதவி மருத்துவர் உடலைப் பார்த்துக் கொடுக்கும் சான்று வேண்டும். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், 1962-க்கு அழையுங்கள், காது வில்லை எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள், பிறகு புதையுங்கள். மனித உயிர் போயிருந்தால் மனம் எவ்வளவு உடைந்திருந்தாலும் காவல் நிலையத்தில் பதிவும் பிரேதப் பரிசோதனையும் இல்லாமல் அடக்கம் செய்துவிடாதீர்கள். ஃபெஞ்சலில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் அறிவிக்கப்பட்டது. இந்தக் காகிதங்கள் இல்லாத குடும்பம் அதைக் கேட்டு நிற்க வழியில்லை. வீடு இடிந்தால் அள்ளுவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் படம் எடுங்கள், வீட்டு முகப்பும் கதவு எண்ணும் ஒரு படத்திலாவது தெரியட்டும். முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று பிரித்துத்தான் தொகை.

வயலுக்கும் அப்படியே. தண்ணீர் நின்ற நாட்களில் நாளுக்கொரு படம், தேதியோடு. வெங்காயம் தண்ணீர் வடிந்த பிறகுதான் அழுகும். அப்போது வந்து பார்க்கிறவர் நோய் என்று எழுதிவிட்டால் மழைச் சேதம் என்று நிரூபிக்க உங்களிடம் அந்தப் படங்கள்தான் இருக்கும்.

மனுவை யாரிடம் கொடுப்பது என்பதில் பெரிய குழப்பம். மக்காச்சோளம், பருத்தி, நெல் என்றால் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம். வெங்காயம், மரவள்ளி, மிளகாய், வாழை என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். வெங்காயக்காரர்கள் வேளாண் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நடக்கிறது. "இது எங்க துறை இல்லை" என்று வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்ல அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வாய் வருவதில்லை. இரண்டு துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்துதான் கூட்டுக் கணக்கெடுப்பு. அதனால் ஒரு நகல் கிராம நிர்வாக அலுவலருக்கும், ஒன்று பெரம்பலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும். குரும்பலூர் பேரூராட்சி என்பதால் தெருவில் விழுந்த மரம், அடைத்த சாக்கடை போன்றவற்றுக்கு மட்டும் பேரூராட்சி செயல் அலுவலர்; ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் அலையாதீர்கள். எங்கே கொடுத்தாலும் உங்கள் கைப்பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கணக்கெடுப்பு சில இடங்களில் தார்ச்சாலையில் ஜீப்பை நிறுத்தி, கண்ணுக்கு எட்டியதை எழுதிக்கொள்வதோடு முடிகிறது. வரப்பில் இறங்கி உள்வயலைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கெஞ்சல் இல்லை. பெயர் விடுபட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணும் இருக்கிறது.

அதற்கும் பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). வெள்ளைத்தாளில், பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று விலாசமிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. எங்கள் வருவாய்க் கிராமத்தின் பயிர்ச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், என் புல எண்ணைப் பார்வையிட்ட தேதி, பார்வையிட்ட அலுவலரின் பதவி, பதிவான சேத சதவீதம் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இவ்வளவு அலைச்சலும் இல்லாமல் செய்ய மாவட்ட நிர்வாகத்தால் முடியும். பணம் போடுவதற்கு முன்பே சேதக் கணக்கெடுப்புப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகக் கதவிலும் பேரூராட்சிப் பலகையிலும் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுத்தால் போதும். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை எழுத்தாகவே கொடுங்கள்.