தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

வயதானால் கால் வலு குறையத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோம். அப்பாவால் தரையில் உட்கார முடியவில்லையா, நாற்காலி போடுகிறோம். படியேறத் திணறுகிறாரா, கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுகிறோம். அக்கறைதான். ஆனால் அந்தத் தளர்ச்சியில் வயதின் பங்கு எவ்வளவு, அசையாமல் இருந்ததன் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் இதைச் சோதித்துப் பார்த்தார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேர்; சராசரி வயது 90; எல்லோரும் உடல் நலிந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது கையை வீசிக் காலை ஆட்டும் பயிற்சி அல்ல. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையை உயர்த்த வேண்டும். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதம் வரை, வாரம் 3 நாள், 8 வாரம். நம் வீட்டுத் தாத்தாவுக்கு இப்படிச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவோம்.

ஒன்பது பேர் முழுதாக முடித்தார்கள். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 1990-ல் வெளியான முடிவு இது. பத்தே பேரை வைத்துச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதே. அதே குழு 100 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 1994-ல் வந்தது. பயிற்சி செய்தவர்களின் வலு அதிலும் இரட்டிப்பைத் தாண்டியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் சுவையானது. முதல் ஆய்வில் வலு 174 சதவீதம் கூடியபோது, தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 சதவீதம்தான். மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நரம்புகளின் வேலை. சும்மா கிடந்த தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை மறுபடி பழகிக்கொள்கிறது. பயன்படுத்தாததால் மறந்துபோன திறமை அது. நிறுத்தினால் மறுபடி மறந்தும் போகும்: பயிற்சியை விட்ட 4 வாரத்தில் வலுவில் 32 சதவீதம் கரைந்தது.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் வாக்கிங்தான். நல்லது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்வது மூன்று: வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி. வாக்கிங் முதலாவதைத்தான் நிறைவேற்றுகிறது. குளியலறையில் வழுக்கும்போது தாங்கிப் பிடிப்பவை மற்ற இரண்டும்.

ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. சுவரோரம் அசையாத நாற்காலி ஒன்றைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். முடியாதவர்கள் முதலில் ஊன்றியே எழட்டும். மூச்சை அடக்காதீர்கள். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் ஏற்பட்ட எலும்பு முறிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டிலிருக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியவர் எழும்போது ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள், பக்கத்தில் நின்றால் போதும்.