உங்களுக்குத் தெரியுமா? இலங்கைக் கல்லில் தொடங்கிய அணுக்கதை

அணுகுண்டுக்கு வழிதிறந்த அணுப்பிளவைக் கண்டறிந்த ஓட்டோ ஹானின் முதல் கதிரியக்கக் கண்டுபிடிப்பு, இலங்கை மண்ணில் கிடைத்த கனிமத்திலிருந்து வந்தது!

■ கனிமத்தின் பெயர் தோரியனைட். கறுப்பு நிறத்தில் சின்னச்சின்னக் கனசதுரங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். மாணிக்கக்கல் அரிக்கும் சரளையில் கிடைத்தது. 1904இல் இது புதிய கனிமமென உலகம் அறியக் காரணமானவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், கலை அறிஞராக நாம் போற்றும் அதே குமாரசுவாமிதான்! கொழும்புத் தமிழர் சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அப்போது இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநர்.

■ 1905, இலண்டன். தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பை ஆராய்ந்த ஹான், அதில் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார்.

■ 1938 டிசம்பர், பெர்லின். யுரேனியம் பிளவுபட்டதற்கான சான்று ஹானுக்கும் அவருடன் ஆய்வு செய்த ஸ்ட்ராஸ்மனுக்கும் கிடைத்தது. அடுத்த ஏழாண்டுக்குள் ஹிரோஷிமா.

■ அந்தப் பெர்லின் ஆய்வின் கருவிகளை ஜெர்மனியின் மியூனிக் நகரில், டொயிச்சஸ் அருங்காட்சியகம் ஒரே மர மேசையில் அடுக்கி வைத்திருக்கிறது. நெடுங்காலம் அது ஹானின் மேசையாகவே காட்டப்பட்டது. அணுப்பிளவுக்கு விளக்கம் தந்த லீசே மைட்னருக்கு அங்கே உரிய இடம் பிறகுதான் கிடைத்தது; நோபல் பரிசோ கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும் அநீதி அது.